மீசை நீளமாக இருந்தால்

மலேசியாவின் சுங்கை காடுட்டைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகளில் பல, செம்பனையாகவும் தாமான் என்னும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. ஆனாலும் நான்காம் படிவப் பிள்ளைகளுக்குப் பெட்டிப்படம் சொல்லித்தர எனக்கு ரப்பர்ப் பால்தான் வசதி. பால் நிறுத்த கதையைச் சொல்ல முக்கால்வாசி வீடுகளில் இன்னும் ஒரு பாட்டி இருக்கிறார்.

ரப்பர்த் தோட்டத் தீம்பார் ஒன்றில் 11 பேர் ஒரு நாள் இறக்கிய பால், கிலோவில், இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 18, 21, 22, 24, 25, 26, 27, 28, 30, 31, 62. சராசரி 28.5. அதை எட்டாதவர்கள் எட்டுப் பேர்! சராசரியைக் காட்டிக் கூலி பேசினால் அந்த எட்டுப் பேரும் சோம்பேறிகள்.

வரிசையின் நடு எண் 26. கீழ்ப்பாதிக்கு நடு 22, மேல்பாதிக்கு நடு 30. 22 முதல் 30 வரை பெட்டி, 26இல் குறுக்குக்கோடு, இருபுறமும் கடைசி எண்வரை மீசை. வரைந்துவிடுகிறார்கள். படிக்கும்போதுதான் சறுக்கல்.

"சார், வலது மீசதான் நீளம். அங்கதானே ஆளு அதிகம்?"

பட்டை வரைபடத்தில் பழகிய கண். நீளத்தைப் பார்த்தாலே கூட்டம் என்று நினைக்கும். எண்ணச் சொன்னேன். 30க்கு மேல் இரண்டே பேர். 22க்குக் கீழேயும் இரண்டே பேர். வலது மீசை நீண்டது, அந்த இருவரில் ஒருவர் அவ்வளவு தள்ளி நிற்பதால்.

இந்தப் படத்தைப் பரப்பியவர் அமெரிக்கரான ஜான் டூக்கி. 1977இல் வந்த அவருடைய புத்தகம் அதை வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. (1952லேயே மேரி எலினர் ஸ்பியர் இதன் முன்னோடியை வரைந்துவிட்டார். அவர் பெயரை எடுப்பார்தான் இல்லை.) டூக்கி, பெட்டியின் அகலத்தில் ஒன்றரை மடங்கு தள்ளி வேலி போடுவார். இங்கே அகலம் 8, ஒன்றரை மடங்கு 12, மேல்வேலி 42. மீசை, வேலிக்குள் இருக்கும் கடைசி எண்ணான 31இல் நின்றுவிடும். 62 வெளியே தனிப்புள்ளி.

புள்ளியைக் கண்டதும் அழிப்பானைத் தேடினான் ஒரு பையன். 26ஐ யாரோ மாற்றி எழுதிவிட்டார்களாம். இருக்கலாம். பக்கத்திலிருந்த பெண் விடவில்லை: "புருஷன் பொண்டாட்டி பால ஒரே பேர்ல நிறுத்திருப்பாங்க சார். எங்க பாட்டி சொல்லும்." டூக்கியின் சூத்திரத்துக்கு இது தெரியாது.

பாடம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேலிக்கு வெளியே விழுந்த எண்ணை அழிக்கவிடுமுன், அது யார் பால் என்று பிள்ளைகளைக் கேட்கவையுங்கள்.