கழற்றிப் போட்ட பெட்டி

2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது, செஞ்சிப் பக்கம் எங்கள் கழனியில் கடலைக்கு 45 நாள். பூ பூத்து விழுது இறங்கும் பருவம். மண் நெகிழ்ந்திருந்தால்தான் விழுது உள்ளே போகும். இறுகிக் கிடந்தால் அது வெளியிலேயே காய்ந்து சுருண்டுவிடும். ஊரே வீட்டுக்குள் இருந்தாலும் கடலை தண்ணீர் கேட்கத்தான் செய்யும்.

ஏப்ரல் 2 காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். மோட்டார் சுற்றவில்லை, உர்ரென்று முனகியது. ரிலே தட்டிவிட்டது. ரீசெட் பண்ணி மறுபடி அழுத்தினேன். அப்போதும் முனகல்தான். நாலைந்து முறை இப்படிச் செய்திருப்பேன். கிணற்று மேட்டில் வார்னிஷ் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் கையை எடுத்தேன். டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போயிருந்தது. மும்முனையில் ஒன்று இல்லாமல் மோட்டார் கிளம்பாது. ஆனால் கரண்டை மட்டும் பல மடங்கு இழுக்கும், காயில் வெந்துபோகும். இதைத் தடுக்கவே பிரிவென்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஒரு லைன் போனால் மோட்டாரை ஓடவிடாது. முந்தின வருஷமே அதைக் கழற்றி ஷெட் பரணில் போட்டவன் நான்தான். அடிக்கடி நிறுத்துகிறதே, பாதிப் பாய்ச்சலில் ஓடிவர வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்.

என் அப்பா மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். காலையில் மாட்டைப் பூட்டுமுன் வடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார், சால் தோலைப் பார்ப்பார், உருளைக்கு விளக்கெண்ணெய் விடுவார். ஒரு பிரி நைந்திருந்தால் அன்றைக்கு மாடு பூட்ட மாட்டார். அம்மா எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மோட்டார் வந்த பிறகு, பொத்தானை அழுத்துவதோடு என் வேலை முடிந்தது என்று எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

காயில் கட்டும் மேஸ்திரி பக்கத்து ஊர்க்காரர். அவர் கடை டவுனில் பூட்டிக் கிடந்தது. ஏப்ரல் 3ஆம் தேதியே விவசாயக் கருவிக் கடைகளையும் பழுதுபார்க்கும் கடைகளையும் திறக்கலாம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. அது எங்கள் காதுக்கு வந்து சேரவே நாலைந்து நாள் ஆயிற்று. கடைகள் மதியம் 1 மணி வரைதான். பால்காரத் தம்பி தன் எக்ஸெல் வண்டியில் இரண்டு கேனுக்கு நடுவே மோட்டாரைக் கட்டி, மேஸ்திரி வீட்டுத் திண்ணையில் இறக்கினார். கடையில் மிச்சமிருந்த தாமிரக் கம்பியை மேஸ்திரி எடுத்து வந்திருந்தார்.

திண்ணைக்குக் கீழே தள்ளி உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கருகிய காயிலை வெட்டி எடுத்தார். பள்ளம் பள்ளமாகச் சுரண்டினார். பழைய சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சுவரில் சாக்கட்டியால் எழுதினார். பிறகு புதுக் கம்பியைச் சுற்றத் தொடங்கினார், உதடு அசைய எண்ணிக்கொண்டே. பத்துக்கு ஒரு கோடு. நடுவில் நான் ஏதோ கேட்டுவிட்டேன். பதில் சொல்லவில்லை, சுற்றியதைப் பிரித்து முதலிலிருந்து தொடங்கினார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

வேலை முடிந்து வார்னிஷ் ஊற்றி வெயிலில் சாய்த்து வைத்த பிறகுதான் பேசினார். “அய்யா, இந்த இருபது வருஷத்துல நான் கட்டின காயில்ல பாதி, பிரிவென்டரைக் கழட்டிப் போட்டவங்களோடது.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “முகக்கவசத்தை மூக்குக்கு மேல ஏத்துங்க. வீட்ல எங்க அம்மா இருக்காங்க.”

மூச்சு முட்டுகிறது என்று அதைத் தாடையில் இறக்கி விட்டிருந்தேன். அவர் சொன்னதும் ஏற்றிக்கொண்டேன். அந்த வெயிலில் எனக்கு முகம் வேர்த்தது துணியினால் மட்டும் இல்லை.

இரண்டு நாள் வெயிலில் காய்ந்த மோட்டார் ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், கிணற்று மேட்டுக்கு வந்தது. அதுவரை பக்கத்துக் கழனிக்காரர் தன் பாய்ச்சல் முடிந்ததும் ராத்திரியில் ஓஸ் போட்டுத் தண்ணீர் விட்டார். அரை ஏக்கர் அவரால் பிழைத்தது. மேட்டுப்பக்கம் அரை ஏக்கர் காய்ந்தது. 20 மூட்டை வர வேண்டிய கழனியில் 13 மூட்டை. மேஸ்திரி கூலியைக் கடலை விற்ற பிறகு கொடுங்கள் என்றார். நான் அன்றைக்கே கொடுத்தேன். போன முறை கட்டிய கூலிக்கு அவரை மூன்று நடை நடக்க வைத்தது நினைவிருந்தது.

பரணிலிருந்த பெட்டியைத் துடைத்து மேஸ்திரியே மாட்டினார். ஸ்டார்ட்டர் மூடியின் உள்பக்கம் காயில் கட்டிய தேதியைப் பேனாவால் எழுதிவிட்டுப் போனார். இன்னும் அழியவில்லை.

நேற்றுகூடப் பாய்ச்சலுக்கு நடுவில் மோட்டார் இரண்டு முறை நின்றது. லைன் சரியாகும்வரை ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. லைன்மேனுக்குப் போன் பண்ணிவிட்டு, மண்வெட்டியை வரப்பில் சாத்தி வைத்து, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.