கறுத்த கத்தியைப் பாலிஷுக்குக் கொடுக்காதே, தம்பி

 

ஒரு பேனாக்கத்தியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1994 பேட்ச் மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுடைய அப்பா ஏரல் பக்கம் வாழை விவசாயம் பார்த்தவர். காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. படத்தில் இருந்தது அவர் இடுப்பிலேயே வைத்திருந்த மடக்குக் கத்தி. "சார், ரொம்பக் கறுத்துப் போய்க் கிடக்கு. பாலிஷ் போடுற கடையில கொடுத்து புதுசாக்கி, வருஷத் திவசத்துக்கு அப்பா போட்டோ முன்னால வைக்கலாம்னு இருக்கேன். கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தான்.

"கொடுக்காதே" என்று ஒரு வார்த்தையில் உடனே பதில் போட்டேன். ஏன் என்பதை எல்லோருக்கும் பொதுவாக எழுதலாமே என்று தோன்றியது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் இரும்பு துருப்பிடிப்பதைப் படித்தீர்கள். சோதனைக் குழாயில் ஆணி போட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கும். ஆனால் இரும்பில் வருவதெல்லாம் ஒரே துரு இல்லை. சிவந்த துரு பொடிப்பொடியாக உதிரும். அது உதிர உதிர அடியில் இருக்கும் இரும்பு வெளியே வரும், அதுவும் துருவாகும். விட்டால் கத்தியையே தின்றுவிடும். கறுத்த படலம் அப்படி இல்லை. அது இரும்போடு ஒட்டிக்கொண்டு மெல்லிய போர்வை மாதிரி கிடக்கும். அடியில் இருப்பதை ஓரளவு காக்கவும் செய்யும்.

இந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டுப் பழைய அரிவாள்மனையை நினைத்துப் பாருங்கள். வாழைப்பூ, வாழைக்காய், மாங்காய் நறுக்கினால் அலகு கறுத்துவிடும். அந்தக் காய்களில் துவர்ப்பு தருகிற டானின் இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். எலுமிச்சை, வெங்காயம் பட்டாலும் சாதாரண எஃகு சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். உன் அப்பா எத்தனை ஆயிரம் இலை அறுத்திருப்பார், எத்தனை தார் வெட்டியிருப்பார்! அந்த வாழைக்கறைதான் தம்பி அலகில் ஏறியிருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்தால் மிஞ்சுவது கடையில் தொங்கும் ஏதோ ஒரு கத்தி.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பாலிஷ் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மெல்லிய கூர்முனை சட்டென்று சூடாகும். கொல்லர் பதம் பார்த்துத் தோய்த்து எடுத்த உறுதி அந்தச் சூட்டில் இறங்கிவிடும். ஓரத்தில் நீல நிறம் ஓடியது என்றால் அந்த இடத்தில் பதம் போனது போனதுதான். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அதோடு, கைப்பிடிப் பக்கத்தில் உன் அப்பா ஆணியால் கீறிய இனிஷியல் படத்தில் மங்கலாகத் தெரிகிறது. சக்கரத்துக்கு அது தெரியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அலகைத் துடை. துணியில் செம்மண் நிறம் ஏறினால் அங்கே துரு இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பித்தளைத் துண்டால் மெதுவாகச் சுரண்டு. பழைய பித்தளை இருபது காசு வீட்டில் இருந்தால் அதுவே போதும். பித்தளை எஃகைவிட மென்மையானது. துருவை எடுக்கும், எஃகைக் கீறாது. புளி போடாதே. புளியின் அமிலம் துருவோடு கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ சார் வைத்திருக்கும் கத்தி எப்படி இருக்கும்?" என்று சிலர் கேட்பீர்கள். என்னிடம் நான்கு இருக்கின்றன. நான்கும் நான்கு விதமாகத் தேய்ந்திருக்கின்றன.

முதலாவது, வேலையில் சேர்ந்த புதிதில் திருவிழாக் கடையில் வாங்கிய சாதாரண எஃகுக் கத்தி. பென்சில் சீவ, மாம்பழம் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். இன்று அது மழைமேக நிறத்தில் இருக்கிறது. தீட்டித் தீட்டி அலகு ஒல்லியாகிவிட்டது, ஆனால் துரு இல்லை.

இரண்டாவது, கண்ணாடி மாதிரி பளபளக்கும் எவர்சில்வர் கத்தி. துருப்பிடிக்காத எஃகு 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது. ஸ்விஸ் கத்திகளுக்குப் பெயர்போன விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் உள்ள 'இனாக்ஸ்' துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் சொல்தான், 1921-இல் சேர்ந்தது. இந்த எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். காற்றுப் பட்டதும் குரோமியம் ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்குதான் அதன் தடிமன். கீறல் விழுந்தாலும் தானே மறுபடி மூடிக்கொள்ளும். துரு விஷயத்தில் கண்ணாடிப் பளபளப்பு நல்லதுதான். வழவழப்பான பரப்பில் ஈரம் தங்காது. ஆனால் ஒரு அட்டைப்பெட்டியை அறுத்தால் போதும், முடி முடியாகக் கீறல் விழும். அட்டையில் களிமண்ணும் மண்துகளும் கலந்திருக்கும், மெல்லிய உப்புத்தாள் மாதிரி. புது எவர்சில்வர் டம்ளர் ஒரு மாதத்தில் என்ன ஆகிறதோ அதுதான் இதற்கும்.

மூன்றாவது, அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவி அனுப்பிய கருப்புப் பூச்சுக் கத்தி. கருப்புப் பூச்சில் இரண்டு ஜாதி. பெயின்ட் மாதிரி பூசியது மென்மையானது. அட்டை உரசும் இடங்களில், மேடான விளிம்புகளில் முதலில் தேய்ந்து வெள்ளை தெரியும். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் பிவிடி, டிஎல்சி வகைகள் சில மைக்ரான் தடிமன்தான், ஆனால் எஃகைவிடக் கடினம். அதில் வெள்ளிக்கோடு தெரிந்தால் கீறல் என்று பதற வேண்டாம். பல சமயம் அது நாம் அறுத்த கம்பியோ ஆணியோ பூச்சின்மேல் விட்டுப்போன உலோகம். பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும். ஆனால் எந்தப் பூச்சானாலும் கூர்முனையில் நிற்காது. ஒருமுறை தீட்டினால் ஓரத்தில் எஃகு வெளியே வந்துவிடும். அந்த மெல்லிய கோட்டைக் காப்பது பூச்சின் வேலை அல்ல, நம் வேலை.

நான்காவது, மகள் வாங்கித் தந்தது. ஸ்டோன்வாஷ் என்று சொல்கிறார்கள். அலகுகளைச் சிறு கற்களோடு உருளையில் போட்டு உருட்டி எடுப்பார்கள். தாமிரபரணிக் கூழாங்கல் மாதிரி ஒரு மங்கல். எல்லாத் திசையிலும் ஏற்கெனவே ஆயிரம் நுண்கீறல் இருப்பதால் புதுக்கீறல் கூட்டத்தில் காணாமல் போய்விடும். தினமும் உழைக்கிற கத்திக்கு என் ஓட்டு இதற்குத்தான். மணல் பீய்ச்சி மங்கலாக்கியதும் பார்க்க இதே போல இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அதன் பரப்பு சொரசொரப்பானது. ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டு சீக்கிரம் புள்ளி விடும்.

இப்போது சொந்தங்களுக்கு ஒரு செய்தி. பளபளக்கும் அந்த இரண்டாவது கத்தி, மறைந்த எங்கள் அத்தான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. ஒரே மாதிரி இரண்டு வாங்கினார். ஒன்றை எனக்குத் தந்தார், இன்னொன்றைத் தோல் உறையோடு பீரோவில் வைத்தார். "நல்ல கத்தி, நல்ல காரியத்துக்கு எடுக்கலாம்" என்பார். அத்தான் போன பிறகு அக்கா அதை என் கையில் கொடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் திறக்க முடியவில்லை. தூத்துக்குடி உப்புக்காற்றில் உறையின் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்திருக்கிறது. உப்பு அந்தக் குரோமியப் படலத்தையும் துளைக்கும். தோல் அழுத்திய இடமெல்லாம் பழுப்புப் புள்ளி, மூட்டு இறுகிப் போயிருந்தது. தினமும் அட்டையும் பழமும் அறுத்து, துடைத்து மடக்கிய என் கத்தி கீறல் நிறைந்து கிடக்கிறது, ஒரு விரலில் திறக்கிறது.

எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவைத்து அத்தானின் கத்தியைத் திறந்துவிட்டேன். புள்ளிகளை அப்படியே விட்டிருக்கிறேன். அதை அக்காவின் பேரனுக்குக் கொடுக்கப் போகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: பீரோவில் வைக்கக் கூடாது, மாம்பழம் நறுக்க வேண்டும்.

அவனுக்கும் உங்களுக்கும் சில குறிப்புகள். புளிப்பான எதையும் நறுக்கினால் உடனே கழுவித் துடையுங்கள். ஈரத்தோடு மடக்காதீர்கள். அலகுக்கு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், மூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். பாத்திரம் விளக்கும் பொடியும் கம்பி நாரும் வேண்டாம். தோல் உறை இடுப்பில் கொண்டுபோகத்தான், உள்ளே வைத்துப் பூட்ட அல்ல. விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த கத்தி, பாக்குவெட்டி, அரிவாள்மனை ஏதாவது கறுத்துக் கிடக்கும். தூக்கிப் போடுமுன் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு வந்தால் எனக்கு எழுதுங்கள், வழி சொல்கிறேன். வராவிட்டால் எண்ணெய் தடவி, இன்றைக்கே ஒரு காய் நறுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்