வேனுக்குள் விரித்த படுக்கை

பள்ளி விடுமுறை வந்தால் நம் தோட்டங்களில் இப்போது ஒரு புதுப் பழக்கம் தலைகாட்டுகிறது, கவனித்திருப்பீர்கள். வேனிலும் காரிலும் பாய், தலையணை, அடுப்பு, சட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கோ மலைக்கோ போய், ஓட்டலுக்குக் கொடுக்கும் வெள்ளியை மிச்சப்படுத்தி, இரண்டு இரவு தங்கிவிட்டு வருகிறார்கள். நல்ல பழக்கம்தான். எங்கள் வீட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆனால், சம்பல் அரைப்பதற்கு எடுத்துக்கொண்ட அக்கறையில் கால்பங்கைக்கூட நான் படுக்கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கான தண்டனை எனக்குக் கிடைத்திருந்தால் பரவாயில்லை. என் அம்மாவுக்குக் கிடைத்தது.

அம்மாவுக்கு வயது 70க்கு மேல். முப்பது வருடத்துக்கும் அதிகமாகப் பால்மரம் வெட்டியவர். இருட்டில் எழுந்து பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்து, காண்டா கம்பில் பால் வாளிகளைத் தூக்கியவர். அந்தக் கணக்கையெல்லாம் இப்போது முழங்காலும் இடுப்பும் திருப்பிக் கேட்கின்றன. ரப்பர் மரத்தோடே காலம் தள்ளிய அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தேயிலைக் காட்டை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். "பொட்டலத்துல படமா பார்த்தது போதும், பாப்பா" என்பார். எனக்கு நாற்பத்தைந்து வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான்.

2022 டிசம்பர் விடுமுறையில் கேமரன் மலைக்குக் கிளம்பினோம். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் என் மகளுக்கு இரண்டு முறை வாந்தி. அதை விடுங்கள். தானா ராத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமிடத்தில் வேனை நிறுத்தினோம். என் வீட்டுக்காரரும் மகனும் கூடாரத்தில், பெண்கள் மூவரும் வேனுக்குள் என்று ஏற்பாடு. பின்னிருக்கைகளை மடக்கி, பட்டணத்தில் 60 வெள்ளிக்கு வாங்கிய காற்று மெத்தையை ஊதி விரித்தோம். பார்க்க ராஜா வீட்டுக் கட்டில் மாதிரி இருந்தது.

இரவில் குளிர் ஏறியது. ஒரு போர்வைக்கு இரண்டு போர்வையாகப் போட்டும் அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "கொஞ்ச நேரம் இன்ஜினைப் போட்டு வைக்கட்டுமா, அத்தைக்குக் குளிருமே" என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அன்றிரவு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விடிந்தபோது அம்மா முன்னிருக்கையில், முந்தானையைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்தார். "நல்லா தூங்கினீங்களாம்மா?" என்று கேட்டேன். "தூங்கினேன், தூங்கினேன். நாலு மணிக்கு முழிக்கிற பழக்கம்தானே" என்றார். நம்பிவிட்டேன். அன்று காலை தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் வழியில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். மேலே போய் எழுப்பினோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாள் ஆசை வேனுக்கு வெளியே பச்சைப் பசேலென்று கிடந்தது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வருடம் மறுபடி பேச்செடுத்ததும், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பார்த்துக்கிறேன்" என்று அம்மா ஒதுங்கிவிட்டார். அப்போதுதான் என் மகள் வாயைத் திறந்தாள். "பாட்டி அன்னிக்கு ராத்திரி முழுக்க முன்னாலதான் உட்கார்ந்திருந்தாங்க. அம்மாகிட்ட சொல்லாதேன்னாங்க."

எனக்கு நெஞ்சில் முள் தைத்தது போலாயிற்று. நான் சிறுமியாக இருந்தபோது தைப்பூசத்துக்குத் தோட்டத்து லோரியில் பத்துமலைக்குப் போவோம். மேலே படங்கு கட்டியிருக்கும், கீழே மெங்குவாங் பாய் விரித்திருக்கும். துணிமூட்டைகளுக்கு நடுவே நாங்கள் சுருண்டுகொள்வோம். அம்மா மட்டும் லோரிப் பலகையில் முதுகைச் சாய்த்து, மடியில் எங்கள் இருவர் தலையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரவெல்லாம் அப்படியே இருந்துவிட்டு, விடிந்ததும் 272 படியும் ஏறுவார். அம்மாவுக்கு உட்கார்ந்தபடி தூங்க வரும் என்றே அன்று நினைத்திருந்தேன். அந்தக் குழந்தை நினைப்பிலேயே இத்தனை வயது வரை இருந்துவிட்டேன் பாருங்கள்.

சரி, அந்த மெத்தை செய்த குற்றம்தான் என்ன? சூடு உள்ள இடத்திலிருந்து சூடு இல்லாத இடத்துக்கு வெப்பம் போகும் என்று பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். என் படுக்கையில் அதை மறந்துபோனேன். காற்று மெத்தைக்குள் இருப்பது வெறும் காற்று. அது உள்ளே சுற்றிச் சுற்றி வந்து, நம் உடம்புச் சூட்டைக் கீழே இருக்கும் குளிர்ந்த தகரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு குளிரும். அடியில் போர்வையை விரித்தாலும், உடம்புப் பாரத்தில் அது நசுங்கித் தட்டையாகிப் பாதிப் பயனை இழந்துவிடும். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். இரவில் 15, 16 பாகைக்கு இறங்குவது அங்கே சாதாரணம். குளிர் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்றும் சுருங்குவதால், நள்ளிரவில் மெத்தை தொய்ந்து, மூவரும் நடுவிலே உருண்டு விழுந்தோம். நான் புரண்டால் அம்மா ஆடுவார். பிடித்து எழுந்திருக்கவோ கெட்டியான இடம் இல்லை. இடுப்பு வலிக்காரர் என்ன செய்வார்? முன்னிருக்கைக்குப் போய்விட்டார்.

இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் நாடாவை எடுத்து வேனுக்குள் அளந்தோம். நீளம், அகலம், சக்கரம் மேடு தட்டும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம். மடக்கிய இருக்கைகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தைப் பழைய துணிகளை இறுக்கிச் சுருட்டி நிரப்பினோம். இதைச் செய்யாமல் எவ்வளவு விலைக்கு மெத்தை வாங்கினாலும் வீண். பிறகு மெத்தைக் கடைக்குப் போய், அளவு சொல்லி, 4 அங்குல ஸ்பாஞ்சு வெட்டி வாங்கினோம். கடைக்காரர் 2 அங்குலமே போதும், விலையும் பாதிதான் என்றார். நான் கூச்சம் பார்க்காமல் கடைத் தரையில் அதை விரித்து ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். இடுப்பெலும்பு தரையைத் தொட்டது. மல்லாந்து படுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு 2 அங்குலம் தாங்கும். ஒருக்களித்துப் படுக்கும் வயதானவர்களுக்குத் தாங்காது. அழுத்தினால் உடனே அமுங்கி மெதுவாக எழும்பும் மட்டமான ஸ்பாஞ்சும் உதவாது. கைமுட்டியால் அமுக்கிப் பார்த்தே வாங்குங்கள். அதற்கடியில் தண்ணீர் உறிஞ்சாத நுரைப்பாய் ஒன்று, உடற்பயிற்சிக்கு விரிப்பார்களே அந்த மாதிரி, போட்டோம். தகரத்துக் குளிர் மேலே வராமல் தடுப்பது அதுதான்.

காற்று மெத்தை ஏற்கனவே வீட்டில் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்பீர்கள். தூக்கி எறிய வேண்டாம். அதன் மேல், உங்கள் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில், அந்த நுரைப்பாயை விரியுங்கள். பாதிக் குறை தீரும். போர்ட்டிக்சன், தெலுக் பாத்தேக் போன்ற கடற்கரைகளுக்கு அதுவும் தேவையில்லை. அங்கே குளிரவே குளிராது, வேர்வைதான் எதிரி. துணி இழுத்துக் கட்டிய மடக்குக் கட்டில் அங்கே சுகம், அடியில் காற்று ஓடும். அதே கட்டிலை மலைக்குக் கொண்டுபோனால் முதுகில் ஐஸ் வைத்தது போலிருக்கும்.

போர்வை விஷயத்தில் நான் பழைய கட்சி. நல்ல கம்பளி ஒன்று, உள்ளே பருத்திக் கைலி ஒன்று. பிள்ளைகளுக்கு மட்டும் ஸ்லீப்பிங் பேக் என்று கடையில் விற்கும் படுக்கைப் பை வாங்கினோம். அதில் இரண்டு வெப்ப அளவு அச்சடித்திருந்தால், சுகமாகத் தூங்கலாம் என்று காட்டும் அளவைப் பார்த்து வாங்குங்கள். மற்றது, சுருண்டு சமாளிக்கலாம் என்ற அளவு.

இப்போது அந்த இன்ஜின் விஷயம். குளிருக்கென்றோ, ஏர்கோனுக்கென்றோ, வண்டியை ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கரி அடுப்பையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் கூடாது. கண்ணாடியை எதிரெதிரே இரண்டு பக்கமும் இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டுக் கொசுவலைத் துணியை ஒட்டிவிடுங்கள். மூன்று பேர் மூச்சுவிட்டால் விடிவதற்குள் கண்ணாடியில் தண்ணீர் வடியும், போர்வை நசநசக்கும். காற்று போக வழி இருந்தால் அந்தத் தொல்லையும் குறையும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, வீட்டு வாசலிலேயே வேனுக்குள் படுக்கை விரித்து அம்மாவை ஓர் இரவு படுக்கச் சொன்னேன். "வீடு இருக்கும்போது வேனுல படுக்கவா? ஊரு சிரிக்கும்" என்றார். ஊரும் சிரித்தது. பக்கத்து வீட்டு மாமா வேலியோரம் நின்று, "என்ன டீச்சர், அம்மாவை வாடகைக்கு விடப் போறீங்களா?" என்று கேட்டார். ஆனால் அந்த இரவில்தான் உண்மை தெரிந்தது. தலையணை தாழ்வாக இருந்தது, இன்னொன்று வேண்டும். இரவில் இறங்குவதற்கு வசதியாக அம்மாவைக் கதவோரம் படுக்க வைக்க வேண்டும். கைக்கெட்டும் இடத்தில் டார்ச்லைட் வேண்டும். வேன் விளிம்பில் உட்கார்ந்தால் கால் தரையில் படுகிறது, செருப்பைப் போட்டுக்கொண்டு எழுவது சுலபம். கூடாரத்துத் தரையிலிருந்து அந்த முழங்காலோடு எழவே முடியாது. வயதானவர்களுக்கு வேன், இளசுகளுக்குக் கூடாரம் என்று அன்றே முடிவாயிற்று.

2023 டிசம்பரில் அதே முகாமிடம். இரவு மழை பிடித்துக்கொண்டது. நான் இரண்டு முறை விழித்துத் தடவிப் பார்த்தேன், அம்மா அதே இடத்தில் இருந்தார். காலை ஏழு மணியாயிற்று, ஏழரையும் ஆயிற்று. நாலு மணிக்கு முழிக்கிறவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வாயைப் பொத்தச் சொல்லி, வெளியே நின்றபடி ரொட்டியைத் தேநீரில் தொட்டுச் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் வேன் கதவைத் திறக்கவே விடவில்லை, சீனி உள்ளே இருந்ததால் எல்லாருக்கும் சீனி இல்லாத தேநீர்தான்.

தேயிலைத் தோட்டத்தில் அம்மா தானே இறங்கினார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டு ஓரம் வரை நடந்தார். கையால் கிள்ளுவார்கள் என்று எண்ணிப் போயிருந்தோம். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இயந்திரத்தைப் பிடித்து வெட்டிக்கொண்டு போனார்கள். அம்மா வெகுநேரம் பார்த்தார். கொழுந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அழகு என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"மரமே இல்லையே, பாப்பா" என்றார். "மத்தியான வெயிலுக்கு இவங்க எங்க ஒதுங்குவாங்க?"