பாதியில் இருப்பவர் பேசலாமா?

ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்துவிட்டுத்தான் கருத்து சொல்லவேண்டும் என்று சிலர் சட்டம் பேசுவார்கள். அப்படிப் பார்த்தால் 'பொன்னியின் செல்வன்' பற்றி மூன்றரை வருஷம் யாருமே வாய் திறந்திருக்க முடியாது! 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த கதை. அன்றைய வாசகர்கள் எல்லோருமே பாதியில் இருந்தவர்கள்தான். அடுத்த இதழ் வரும்வரை நந்தினி நல்லவளா கெட்டவளா என்று பேசாமல் எப்படி இருப்பது?

இன்று ஐந்து பாகமும் மொத்தமாகக் கிடைக்கிறது. மூன்றாம் பாகமான 'கொலை வாள்' படிப்பவர் நந்தினியைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், படித்து முடித்தவர் சிரித்துக்கொண்டே "முழுசா படிச்சிட்டு வாங்க" என்கிறார். அதோடு பேச்சு நின்றுவிடும். இவருக்கு இப்போது இருக்கிற சந்தேகமும் கோபமும் கடைசிப் பக்கத்தைத் தாண்டியபிறகு அப்படியே இருக்கப்போவதில்லை. இப்போது சொன்னால்தான் உண்டு.

முடித்தவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்துவிட்டதா என்ன? கதை சட்டென்று முடிந்துவிட்டது என்று வாசகர்கள் குறைப்பட, கல்கியே முடிவுரை எழுதி விளக்கவேண்டி வந்தது. அப்படியும், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

(மூன்றாம் பாகத்தில் இருப்பவர்கள் மேலே உள்ள கடைசி வரியை மறந்துவிடவும்!)