நாள்காட்டியில் கிடைத்த ரசீது

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே 3 ஏக்கரில் சம்பா நெல் போடும் பெரியவர் ஒருவர், 2024-ஆம் ஆண்டு சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்திருந்தார். அறுவடை முடிந்து மாதங்கள் ஓடின. அடுத்த வயல்காரருக்கு இழப்பீடு வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. இவருக்கு வரவில்லை. விசாரிக்கப் போன இடத்தில் கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லிஸ்ட்ல உங்க பேர் இல்லையேங்க. ரசீது இருந்தா கொண்டாங்க" என்றார்கள்.

ரசீது காகிதமாக இல்லை. பணம் கட்டிய சேவை மையத்தில் அன்று பிரிண்டர் பழுது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். மையத்தை நடத்துவது பெரியவரின் பங்காளி மகள்தான். வீட்டுக்கு வந்து போனில் அரை நாள் தேடினார், கிடைக்கவில்லை. தேடத் தேடச் சந்தேகம் முளைத்தது. "காசை வாங்கிக்கிட்டுக் கட்டாமலே விட்டுட்டா போலருக்கு." சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பியவரை, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேத்திதான் வாசலில் நிறுத்தினாள்.

"இருங்க தாத்தா. எதுல தேடுனீங்க?"

போன் முகப்பில் இருக்கும் கூகுள் கட்டத்தில், மைக்கை அழுத்தி 'பயிர் காப்பீடு ரசீது' என்று சொல்லியிருந்தார். வந்தவை எல்லாம் செய்திகளும் வீடியோக்களும். அந்தக் கட்டம் முக்கியமாகத் தேடுவது இணையத்தில். நம் போனுக்குள் இருப்பதைத் தேட 'ஃபைல்ஸ்' அல்லது 'மை ஃபைல்ஸ்' என்ற செயலிக்குள் போக வேண்டும். பரணில் வைத்த அரிவாளைச் சந்தையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பேத்தி அந்தச் செயலியைத் திறந்து 'காப்பீடு' என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் பார்க்கலாம் என்றால், போனில் இடமில்லை என்று பெரியவர் பழைய உரையாடல்களை எல்லாம் அழித்திருந்தார்.

இந்த இடத்தில்தான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். உரையாடலை அழிக்கும்போது, அதோடு வந்த படம், ஆவணங்களையும் அழிக்கவா என்று வாட்ஸ்அப் தனியாகக் கேட்கும். அதற்குச் சம்மதிக்காமல் இருந்தால், ஏற்கெனவே திறந்து பார்த்த ஆவணம் போனிலேயே தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது நாம் நினைக்கும் பெயரில் இருக்காது. பல ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் ஆவணம் 'டாக்' என்று தொடங்கி, ஆண்டு, மாதம், தேதி என எட்டு இலக்கங்கள், கடைசியில் ஒரு வரிசை எண் என்ற பெயரில்தான் சேமிக்கப்படுகிறது. படங்களுக்கும் இதே முறைதான். அந்தப் பெயரில் 'காப்பீடு' என்ற சொல்லே கிடையாது. தேதி தெரிந்தால் மட்டும் பிடித்துவிடலாம்.

"என்னைக்குக் கட்டுனீங்க?"

"தீபாவளி கழிச்சு ஒரு வாரம் இருக்கும் பாப்பா."

அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி எழுந்து வந்தார். பரணில் சுருட்டி வைத்திருந்த பழைய மாத நாள்காட்டியை இறக்கி விரித்தார். நடவுக் கூலி, டிராக்டர் வாடகை, பால் கணக்கு எல்லாம் அந்தக் கட்டங்களில் அவர் கையெழுத்தில் இருந்தன. நவம்பர் 8-ஆம் தேதிக் கட்டத்தில் 'இன்சூரன்சு கட்டியாச்சு' என்று எழுதியிருந்தது.

பேத்தி 20241108 என்று தட்டினாள். மூன்று ஃபைல்கள் வந்தன. இரண்டாவது, ரசீது.

அதிலிருந்த எண்ணைப் பயிர்க் காப்பீட்டு இணையதளத்தில் கொடுத்ததும் விவரம் வந்துவிட்டது. பணம் முறையாகக் கட்டப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் பெயர் எழுதியதில் ஓர் எழுத்து கூடுதல். பட்டியலில் பெயர் சிக்காததற்கு அதுதான் காரணம். வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டபோது, கணக்கு எண்ணில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. பெரியவர் கொடுத்த ஜெராக்ஸ் நகல் அவ்வளவு மங்கல். சண்டைக்குக் கிளம்பியவர், "கொஞ்சம் மனு எழுதிக் கொடும்மா" என்று கேட்கத்தான் பங்காளி வீட்டுக்குப் போனார்.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுகிறார்கள். அதனால் எந்த அலுவலகத்தில் தேடச் சொன்னாலும், பெயரோடு நிறுத்தாமல் விண்ணப்ப எண், சர்வே எண், வங்கிக் கணக்கு எண் இவற்றில் ஒன்றையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல் என்றால், இப்போதைய யூனிகோட் தமிழில் தட்டித் தேடினால் கிடைக்காது. கண்ணுக்கு 'ம' என்று தெரிவது, பாமினி எழுத்துருவில் உள்ளுக்குள் 'கே' என்ற ஆங்கில எழுத்து. ஸ்கேன் செய்த தாள் வெறும் படம். அதன் உள்ளே இருக்கும் சொல்லையும் சாதாரணத் தேடல் காட்டாது. அவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதே வழி.

வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தால், முதலில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரைத் திறந்து தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் ஃபைலைக்கூடத் தேடல் காட்டவில்லை என்றால், கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் 'இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'ரீபில்ட்' கொடுக்க வேண்டும். கணினி தன் பொருளடக்கத்தைப் புதிதாக எழுதிக்கொள்ளும். ஃபைல்கள் அழியாது, நேரம் மட்டும் பிடிக்கும்.

அன்று மாலையே பேத்தி போனில் 'வயல் தாள்கள்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, ரசீதின் நகலை 'சம்பா 2024 காப்பீடு ரசீது' என்ற பெயரில் அதில் வைத்தாள். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து அதிலேயே சேர்த்தாள். காப்பீட்டு ரசீதை மட்டும் ஒரு பிரிண்ட் எடுக்கச் சொன்னாள்.

கணக்கு எண்ணைத் திருத்த மனு கொடுத்தாகிவிட்டது. பணம் வரக் காத்திருக்க வேண்டும். அப்பாயி இந்த மாத நாள்காட்டியில் அன்றைய கட்டத்தைத் தேடிப் பிடித்து, 'மனு குடுத்தாச்சு' என்று எழுதி, கீழே மனு எண்ணையும் குறித்துவைத்தார்.