வளவு கூட்டுவது தண்டனையா?

சனிக்கிழமை காலை மறைக்கல்வி வகுப்புக்குப் பிந்தி வாற பிள்ளைகள் கோவில் வளவைக் கூட்டவேண்டும். எங்கட பங்கில் கனகாலமாக இருந்த சட்டம் இது. சின்னனில் நாங்களும் கூட்டியிருக்கிறோம். படிப்பிக்க வந்தபிறகு அதே விளக்குமாற்றை அடுத்த பிள்ளைகளின் கையில் கொடுத்தோம், அவ்வளவுதான்.

எங்கட ஊர் கரையோரம். பிள்ளைகளில் அரைவாசிப்பேரின் அப்பாமார் தொழிலுக்குப் போறவர்கள். இங்கே 'தொழில்' என்றால் கடல்தான், வேறு விளக்கம் தேவையில்லை.

ஒருநாள் தொடக்கநூல் படிப்பிக்கும்போது, "மனிசர் ஏன் வேலை செய்யினம்?" என்று கேட்டோம். "ஆதாம் பழம் சாப்பிட்டதுக்குக் கடவுள் குடுத்த தண்டனை" என்று முன்வாங்கிலில் இருந்து மறுமொழி வந்தது. பின்வாங்கிலில் இருந்த பெடியன் ஒருத்தன், "ஓம், பிந்தி வந்தா வளவு கூட்டுற மாதிரி" என்றான். வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கும் அவன்தான் கூட்டியிருந்தான்.

வகுப்பு முடிய அவனைக் கூப்பிட்டு, ஏன் ஒவ்வொரு கிழமையும் பிந்துகிறாய் என்று முதற்தடவையாகக் கேட்டோம். விடிய அப்பாவின் போட் கரைக்கு வந்தால் வலையிலிருந்து மீன் கழற்ற வேண்டுமாம். அது முடிந்து, குளித்து, உடுப்பு மாற்றி வர நேரம் போய்விடுமாம். வேலை செய்துவிட்டு வந்தவனுக்கு நாங்கள் வேலையையே தண்டனையாகக் கொடுத்திருக்கிறோம்.

அன்றிரவு வேதாகமத்தை எடுத்துத் திரும்ப வாசித்தோம். பழம் சாப்பிட்ட கதை 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் கடவுள் மனிதனை அங்கே வைப்பது 2ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. பாவத்துக்கு முதலே வேலை இருக்கிறது. பிறகு வந்தது முள்ளும் வியர்வையும்தான். இத்தனை வருசம் படிப்பித்த எங்களுக்கே இந்த ஒழுங்கு மனதில் பதிந்திருக்கவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. சோதனைக் காலத்தில் நாங்கள் சும்மா சொல்லுகிற வசனம்: "படிக்காட்டி கடலுக்குத்தான் போவாய்." இதை ஒரு அப்பா சொல்லலாம். இடுப்பு நோவையும் மண்ணெண்ணெய் விலையையும் வலைக்கடனையும் தெரிந்தவர் அவர். நாங்கள் சொல்லும்போது அந்தப் பிள்ளைக்குக் கேட்பது வேறு. உன்ர அப்பா தோற்றுப்போனவர் என்றுதான் கேட்கும்.

முதற் சீடர் கதையையும் இதே மனதோடுதான் சொல்லியிருக்கிறோம். வலையை விட்டுவிட்டுப் போனார்கள் என்ற இடத்தில் குரலை உயர்த்துவோம், வலை என்பது விட்டுவிட வேண்டிய ஒன்று மாதிரி. யோவான் 21ஐ அவ்வளவாகத் தொடுவதில்லை. உயிர்த்த பிறகு இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அதோடு விடவில்லை, நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாங்கோ என்று கேட்கிறார். வலையில் 153 மீன். யாரோ இருந்து எண்ணியிருக்கிறார்கள்! இந்த இடத்தைச் சொன்னபோது பிள்ளைகள் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன மீன், அக்கா?"

எங்கட இந்த உற்சாகத்தைப் பார்த்து ஒரு அம்மா கோபப்பட்டார். "வேலை நல்லது நல்லது எண்டு சொல்லி எங்கட பிள்ளையளையும் கடலுக்கு அனுப்பப் போறியளோ? அதுகள் படிக்கட்டும்." அவர் சொன்னது நியாயம். விடிய மீன் கழற்றுகிற பிள்ளை வகுப்பில் நித்திரை தூங்குவதை நாங்களும் பார்க்கிறோம். படிப்பும் அவனுடைய வேலைதான். கூலியைப் பற்றிப் பேசாமல் வேலையின் மகிமையை மட்டும் பேசுவதும் ஒருவகை ஏமாற்று. ஏழையின் கூலியைப் பொழுதுபடுமுன் கொடுத்துவிடு என்கிறது இணைச்சட்டம் 24. 1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மே 1ஐத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார். எங்கட பிரசங்கங்களில் அன்றைக்குச் சூசையப்பரின் தாழ்ச்சி வரும், சம்பளம் வராது.

சட்டத்தை எடுத்துவிட்டோம். இப்போது வகுப்புக்கு அரைமணித்தியாலம் முதல் வந்து நாங்களே கூட்டுகிறோம். முதல் இரண்டு கிழமையும் ஒருவரும் கிட்ட வரவில்லை. பிறகு சின்னதுகள் வந்தார்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. ஒன்பதாம் ஆண்டுப் பெடியள் இன்னும் மதிலில் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறார்கள். பெட்டையள் கூட்ட, பெடியள் கதிரை தூக்குகிற பழக்கமும் மாறவில்லை. பிந்தி வாறவர்கள் இப்பவும் பிந்தித்தான் வருகிறார்கள்.

போன மாதம் மாற்கு 1 படித்தோம். யாக்கோபும் யோவானும் படகில் இருந்து வலை பொத்துகிற இடம். அந்தப் பின்வாங்கில் பெடியன் வீட்டிலிருந்து ஒரு கிழிந்த வலையும் ஊசியும் கொண்டுவந்து வேம்புக்குக் கீழே விரித்தான். நாங்களும் சுற்றி இருந்து ஆளுக்கொரு முடிச்சுப் போட்டுப் பார்த்தோம். எங்களுடையதை இழுத்துப் பார்த்தான், கழன்றுபோனது.

"உதுக்குள்ளால மீன் போயிடும், அக்கா. திரும்பப் போடுங்கோ."