இருபது நிமிடம்

இரவில் வருகிறவர்கள் பாம்பு என்று வாய் திறந்து சொல்வதில்லை. "பூச்சி தீண்டிடுச்சு டாக்டரம்மா" என்பார்கள். வாய்க்காலுக்கு மடை திருப்பப் போன கால், கணுக்காலுக்கு மேல் இறுகிய துண்டு, கூட வந்தவர் கையில் செல்போனில் எடுத்த மங்கலான படம். முதலில் துண்டை அவிழ்க்கச் சொல்வேன். அடுத்து, கைநரம்பில் 2 மில்லி ரத்தம் எடுத்துப் புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பேன். இருபது நிமிடம் யாரும் அதைத் தொடக் கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக நின்றால் ஒரு கதை. தண்ணீராக ஓடினால் வேறு கதை.

கண்ணாடி விரியனின் விஷம் உறைதலைத் தூண்டும் காரணிகளைக் கண்டபடி முடுக்கிவிடுகிறது. உடம்பில் இருந்த ஃபைப்ரினோஜன் எல்லாம் வீணாகச் செலவாகித் தீர்ந்துபோகிறது. குழாய்க்குள் வந்து விழும் ரத்தத்தில் உறைவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இவ்வளவு பெரிய சேதத்தைச் சில ரூபாய்க் கண்ணாடி காட்டிக்கொடுக்கிறது. பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஆனால் அந்தக் கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும். சுத்தம் என்றால் கழுவியது அல்ல, புதியது. இதை நான் ஒரு மனிதரின் உடம்பில்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இருந்த ஒரு மருத்துவமனையில் குழாய்களைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்போம். கண்ணாடியின் பரப்பு பட்டுத்தான் உறைதல் தொடங்குகிறது. சோப்புப் படலம் ஒட்டியிருந்தால் நல்ல ரத்தமும் உறையாது. எனக்கு அப்போது தெரியாது. வரப்பில் கடிபட்டு வந்தவருடைய ரத்தம் ஓடியதைப் பார்த்து, 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றச் சொன்னேன். பாதி ஏறுவதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு, குளிர் நடுக்கம், ரத்த அழுத்தம் சரிவு. அட்ரினலின் போட்டு மீட்டோம். மறுநாள் ஆய்வகத்துக்கு அனுப்பிய ரத்தத்தில் கோளாறே இல்லை. கால் வீங்கவில்லை, சிறுநீரும் தெளிவாக இருந்தது. அவருக்கு மருந்து தேவையே பட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆய்வுக் கட்டுரைகளை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். என்னை உலுக்கியவை இரண்டும் இலங்கையில் செய்தவை. 2013-இல் வெளிவந்தது, வார்டில் வழக்கமாகச் செய்யப்படும் இந்தச் சோதனை, கண்ணாடி விரியன் கடித்து உறைதல் கெட்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினரை மட்டுமே கண்டுபிடிக்கிறது என்றது. படித்த அன்று தூக்கம் வரவில்லை. 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வில் அதே சோதனை 79 பேரில் 65 பேரைச் சரியாகப் பிடித்தது, 82 சதவீதம். பாம்பு அதேதான். இரண்டாவது ஆய்வில் பயிற்சி பெற்ற கை, ஒரே வகை போரோசிலிகேட் கண்ணாடி, ஒரே அகலக் குழாய், ஒரே அளவு ரத்தம், சரியாக இருபது நிமிடம். அந்த இடைவெளிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் எனக்கு அதில் முதலில் தெரிந்தது எங்கள் கைதான்.

முறிவு மருந்து விஷயத்திலும் அப்படித்தான். மருந்துக்கு முன் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடுவது எங்களுக்கு அனிச்சையாகவே வரும். 2011-இல் இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு அதைக் கேள்வி கேட்டது. தோலுக்கடியில் 0.25 மில்லி அட்ரினலின் கொடுத்தால் முதல் மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனால் பலன் இல்லை. அட்ரினலினோடு சேர்த்துக் கொடுத்தபோது அதன் பலனையும் அது கெடுத்தது. பழகிப்போன ஊசியைக் கைவிட எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அந்த நடுக்கத்தை நினைத்துக்கொண்டுதான் விட்டேன்.

இப்போது எங்கள் வார்டில் குழாய்கள் அட்டைப் பெட்டியோடு வருகின்றன. ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்துவோம். ரத்தம் விட்ட நேரத்தைச் சிஸ்டர் பிளாஸ்டர் துண்டில் எழுதிக் குழாயில் ஒட்டுவார். புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் பத்தாவது நிமிடமே எடுத்துப் பார்க்கக் கை நீட்டினால், "ஆட்டாதீங்க சார்" என்று அவர் குரல்தான் முதலில் கேட்கும்.

காத்திருக்கும் நேரத்தில் நான் கண்ணிமைகளைப் பார்ப்பேன். தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டு விரியன் கடித்தால் பல் பட்ட இடம்கூடத் தெரியாது, ரத்தம் அழகாக உறையும். "தூக்கக் கலக்கம்தாங்க" என்பார் மனைவி. "அண்ணே, தலையை அசைக்காம மேல என் விரலைப் பாருங்க" என்பேன். இமை ஏறாவிட்டால், குழாய் என்ன சொன்னாலும் முறிவு மருந்தைக் கரைக்கத் தொடங்கிவிடுவோம். மருந்துத் தூள் உள்ள குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரை கட்டும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். ஒருவர் கரைக்கும்போதே இன்னொருவர் மூச்சுக்குழாய்க் கருவிகளை எடுத்து வைப்பார்.

முதல் குழாய் உறைந்துவிட்டது என்று யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. 79-இல் தவறிய அந்த 14 பேர் நினைவுக்கு வருவார்கள். பெட்டியிலிருந்து அடுத்த குழாயை எடுத்து, நேரம் எழுதி, மறுபடியும் ஸ்டாண்டில் நிறுத்துகிறோம்.